எந்தக் கட்டைக்கு எந்த மவுத்தார்கன்

மவுத்தார்கனின் ஓர் ஓரத்தில் ஒற்றை ஆங்கில எழுத்து ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். நம் ஊர்க் கடைகளில் வாங்கியதாயின் அநேகமாக அது ‘சி’யாகவே இருக்கும். வாங்குபவர் அதைக் கவனிப்பதில்லை; விற்பவரும் சொல்வதில்லை. கம்பெனி முத்திரை என்றோ தர வரிசை என்றோ எண்ணி விட்டுவிடுகிறோம். வீட்டுக்கு வந்து, வானொலியில் ஒலிக்கும் பாட்டோடு சேர்ந்து ஊத முற்படும்போதுதான் அந்த எழுத்து தன் வேலையைக் காட்டும். பாட்டு ஒரு பக்கம் போகும். கருவி வேறு பக்கம் போகும். ‘எனக்குச் சங்கீத ஞானம் இல்லை’ என்று முடிவு கட்டிக் கருவியை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவோர் தொகை பெரிது. ஞானத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அவர்கள் கையில் இருந்தது அந்தப் பாட்டுக்குரிய கருவியன்று, அவ்வளவே.

நாங்கள் இருவர். அண்ணன் தம்பி. ஒருவர் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவர். இளையவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். இதை எழுதுவது மூத்தவரின் கை என்றாலும் இதிலுள்ள செய்திகளில் பாதிக்கு மேல் இளையவர் திருகாணியைக் கழற்றிப் பார்த்துக் கண்டுகொண்டவை. ஆதலால் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம்.

முதலில் கருவியைப் பற்றிச் சிறிது. ஜெர்மனியின் டிராசிங்கன் என்னும் சிற்றூரில் 1857இல் மத்தியாஸ் ஹோனர் தொடங்கிய பட்டறையிலிருந்து உலகெங்கும் பரவியது பத்துத் துளை மவுத்தார்கன். 1896 முதல் ‘மரைன் பேண்ட்’ என்ற பெயரில் வரும் அதன் வடிவம் இன்றளவும் பெரிதாக மாறவில்லை. பத்துத் துளை, ஒவ்வொன்றிலும் ஊதினால் ஒலிக்கும் பித்தளை நாக்கு ஒன்று, உறிஞ்சினால் ஒலிக்கும் நாக்கு ஒன்று, ஆக இருபது. நம் நாடக மேடைகளிலும் பஜனை மடங்களிலும் குடியேறிவிட்ட ஆர்மோனியத்தின் உள்ளேயிருப்பதும் இதே வகை நாக்குத்தான். அங்கே துருத்தி செய்வதை இங்கே நுரையீரல் செய்கிறது.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஆர்மோனியத்தில் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் பன்னிரண்டு சுரங்களும் இருக்கும். எந்தக் கட்டையில் வேண்டுமானாலும் ‘ச’ வைத்துக்கொள்ளலாம். பத்துத் துளைக் கருவியிலோ ஏழு சுரங்களே. ‘சி’ என்று பொறித்திருந்தால் ஒரு கட்டையை ‘ச’வாகக் கொண்ட சங்கராபரணத்தின் ஏழு சுரங்கள் மட்டும் அதில் உண்டு. அவற்றிலும் ஒழுங்கு பாதியே. நடுவிலுள்ள நான்காம் துளையிலிருந்து ஏழாம் துளை வரைதான் ஏழும் முழுமையாகக் கிடைக்கும். கீழே மத்திமமும் தைவதமும் இல்லை. மேலே நிஷாதம் இல்லை. ஏழாம் துளையில் இன்னொரு விஷமமும் இருக்கிறது. அதுவரை உறிஞ்சினால் ஏறிக்கொண்டிருந்த சுரம் அங்கிருந்து உறிஞ்சினால் இறங்கும். புதிதாகப் பழகுவோர் அனைவரும் இங்கே தடுக்கி விழுவர்.

பன்னிரண்டு சுரமும் உள்ள, பக்கவாட்டில் பொத்தான் வைத்த குரோமாட்டிக் வகை தனி. பெல்ஜியத்தின் டூட்ஸ் தீல்மன்ஸ் அதை வைத்துக்கொண்டுதான் ஜாஸ் உலகை ஆண்டார். நம் பக்கத்தில் மவுத்தார்கன் என்றதும் நினைவுக்கு வருவது 1975இல் வெளிவந்த ‘ஷோலே’. திரையில் அதை உதட்டில் வைத்திருந்தவர் அமிதாப் பச்சன். உண்மையில் ஊதியவர் பானு குப்தா. அந்தப் படம் வந்த பிறகு எத்தனை இளைஞர்களின் சட்டைப்பையில் மவுத்தார்கன் ஏறியிருக்கும் என்பதை எவரேனும் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். சங்க இலக்கியத்தில் விலங்குகள், பறவைகள் என்று எழுதிக் குவிப்பதைக் காட்டிலும் பயனுள்ளதாக இருக்கும். எங்கள் தந்தையாரின் பையிலும் ஒன்று ஏறியது. ‘சி’தான்.

இனிக் கேள்விக்கு வருவோம். ஒரு பாட்டு ஒலிக்கிறது; அதனோடு சேர்ந்து வாசிக்க எந்த எழுத்துள்ள கருவியை எடுப்பது?

பாட்டின் ‘ச’ எது என்று முதலில் காணவேண்டும். பாட்டு தொடங்கும் சுரம் அதுவாக இருக்கவேண்டும் என்பதில்லை. பல பாட்டுகள் பஞ்சமத்தில் தொடங்கும், காந்தாரத்தில் தொடங்கும். எங்கே வந்து பாட்டு இளைப்பாறுகிறதோ, எந்த இடத்தில் பாடகர் நிறுத்தினால் ‘முடிந்தது’ என்று நம் செவி ஒப்புக்கொள்கிறதோ, அது ‘ச’. பல்லவியின் கடைசிச் சொல் முடிந்த பின் வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று இழுத்துப் பாருங்கள். அந்த ‘ம்’ பாட்டின் எல்லா இடத்திலும் உறுத்தாமல் பொருந்தினால் அதுவே ஆதார சுருதி. அதை ஆர்மோனியத்திலோ கைப்பேசியில் உள்ள சுருதிப் பெட்டியிலோ வைத்துப் பார்த்தால் எத்தனை கட்டை என்பது தெரிந்துவிடும். ஒன்று என்றால் சி, இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. கறுப்புக் கட்டைகள் அரைகள். மூன்றரை என்று ஒன்று கிடையாது. மூன்றிலிருந்து நேரே நான்குதான். இதை நாங்கள் சொன்னபோது கணிதத்துறை நண்பர் ஒருவர் நெடுநேரம் வருந்தினார்.

பழைய ஒலிநாடாவிலிருந்து பாட்டைக் கேட்டு வாசிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நாடா ஓடும் வேகம் ஆறு விழுக்காடு கூடினால் பாட்டு அரைச்சுரம் ஏறிவிடும். மூன்று விழுக்காடு கூடினால் இரண்டு கட்டைகளுக்கும் நடுவே திரிசங்குவாக நிற்கும். எந்த மவுத்தார்கனும் சேராது. அப்போது பிழை கருவியிலும் இல்லை, செவியிலும் இல்லை; பெல்ட் தளர்ந்த டேப் ரிக்கார்டரில் இருக்கிறது.

‘ச’ தெரிந்துவிட்டது. ஐந்து கட்டை என்று வைத்துக்கொள்வோம். ஜி எழுதிய கருவியை எடுத்து வாசித்துவிடலாமா? பாட்டு சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்திருந்தால் தாராளமாக வாசிக்கலாம். அமெரிக்க நாட்டுப்பாடல்காரர்கள் பெரும்பாலும் அப்படியே வாசிக்கிறார்கள். கழுத்தில் கம்பி மாட்டி அதில் கருவியைச் செருகிக்கொண்டு பாடும் பாப் டிலனின் வழக்கமான முறையும் அதுவே. ஆனால் சிகாகோ நகரத்து ப்ளூஸ் வாசிப்பாளர்கள், லிட்டில் வால்ட்டர் போன்றோர், ஐந்து கட்டைப் பாட்டுக்கு ஜி எடுக்கமாட்டார்கள், சி எடுப்பார்கள். அந்த சி கருவியில் ஐந்தாம் கட்டையை ‘ச’வாகப் பாவித்துக்கொள்வார்கள். இரண்டாம் துளையை உறிஞ்சினால் அந்த ‘ச’ கிடைக்கும். உறிஞ்சும் நாக்குகளைத் தொண்டையால் அழுத்திச் சுரத்தை வளைத்துக் கீழே இறக்கலாம் என்பது அவர்களுக்கு வசதி. அதைவிட முக்கியம், அங்கிருந்து தொடங்கி ஏழு சுரம் ஏறினால் கிடைப்பது சங்கராபரணம் அன்று. நிஷாதம் அரைச்சுரம் தாழ்ந்த வேறொரு வரிசை. அவர்கள் அதைக் குறுக்கு வாசிப்பு என்கிறார்கள். நாம் அரிகாம்போதி என்கிறோம்.

தமிழ் படித்தவர்க்கு இந்த இடத்தில் நெஞ்சு ஒருமுறை துள்ளவேண்டும். ஒரே ஏழு சுரங்கள். தொடங்கும் இடத்தை மாற்றினால் வேறு பாலை. இதுதானே பண்ணுப் பெயர்த்தல்! சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களை நிறுத்திக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயரிடுகிறாளே, அந்த ஏழு பெண்களும் பத்துத் துளைக்குள் நிற்கிறார்கள். யாரைக் குரலாகக் கொண்டு ஆட்டத்தைத் தொடங்குகிறோம் என்பதே வேறுபாடு.

ஒன்றாங்கட்டை சி கருவியையே எடுத்துக்கொள்வோம். அதில் ஐந்தாம் கட்டையைக் குரலாக்கினால் அரிகாம்போதி. செம்பாலை அதுவே என்று இசையறிஞர் பலர் கொள்வர். ஆறாம் கட்டையிலிருந்து தொடங்கினால் நடபைரவி, அதாவது படுமலைப்பாலை. ஏழாம் கட்டையில் இரு மத்திமமும் தலைகாட்டும் செவ்வழிப்பாலை, வாசிப்பதற்கு உதவாது. ஒன்றில் சங்கராபரணம், அரும்பாலை. இரண்டில் கரகரப்பிரியா, கோடிப்பாலை. மூன்றில் தோடி, விளரிப்பாலை. நான்கில் கல்யாணி, மேற்செம்பாலை. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் ‘கருணாமிர்த சாகர’த்திலும், விபுலானந்த அடிகள் 1947இல் ‘யாழ் நூ’லிலும் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு ஆராய்ந்த பொருள் இது. எது எந்தப் பாலை என்பதில் கருத்து வேறுபாடுகள் இன்றும் உள்ளன. பெயர்ப்பு என்ற வினையில் எவர்க்கும் ஐயமில்லை. முதுகலை மாணவர்க்கான உரைநூல்கள் இவ்விடத்தில் பன்னிரண்டு வீடுகளுடைய வட்டம் ஒன்றை வரைந்துவிட்டு நகர்ந்துவிடும். வட்டம் தேர்வுக்கு உதவும். செவிக்கு எதுவும் சொல்லாது. சில ஆண்டுகளாக ஆய்ச்சியர் குரவை நடத்தும் நாளில் எங்களுள் மூத்தவர் ஜிப்பாப் பையில் ஒரு மவுத்தார்கனை வைத்துக்கொண்டு போகிறார். நான்காம் துளையிலிருந்து ஏழாம் துளை வரை ஒருமுறை. ஐந்திலிருந்து எட்டு வரை ஒருமுறை. முதலாவது கல்யாண வீடு போலவும் இரண்டாவது இழவு வீடு போலவும் இருக்கிறது என்றாள் ஒரு மாணவி. அதற்கு மேல் அந்த வகுப்பில் விளக்குவதற்கு எதுவுமில்லை.

ஆக, கருவியைத் தேர்வதற்குரிய விதி இப்படி வருகிறது. பாட்டின் ‘ச’வை அறிக, பாட்டு எந்தச் சுர வரிசையில் நடக்கிறது என்று அறிக. சங்கராபரணமாயின் அந்தச் ‘ச’வே கருவியின் எழுத்து. அரிகாம்போதியாயின் பாட்டின் மத்திமம் எதுவோ அது கருவி. கரகரப்பிரியாவுக்கு அதன் நிஷாதம். நடபைரவிக்குக் காந்தாரம். தோடிக்குத் தைவதம். கல்யாணிக்குப் பஞ்சமம். மேலை நாட்டார் இதையே முதல் நிலை, இரண்டாம் நிலை என்று எண்ணிட்டு, ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஐந்து ஐந்து சுரமாகத் தாவிக் கணக்கிடுகிறார்கள். குரலுக்கு இளி, அந்த இளிக்கு இளி என்று போகும் நம் முறைதான்.

இவ்வளவையும் நாங்கள் இசையார்வத்தால் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. அதையும் சொல்லிவிடவேண்டும்.

2021ஆம் ஆண்டின் இறுதியில் எங்கள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் பேச்சும் போயின. கை பாதி திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. பிறர் சொல்வது பெரும்பாலும் விளங்கும். விடை சொல்ல வாயெடுத்தால் சொல் அகப்படாது. தண்ணீர் என்பதற்குத் திண்ணை என்பார், அது தவறு என்பதும் அவருக்குத் தெரியும், தெரிவதால் அழுவார். ஆனால் பாடுவார். மூளையின் இடப்பக்கம் தாக்குண்டு பேச்சிழந்தவர்களுள் பலர் சொல் சிதையாமல் பாடக்கூடும் என்பது மருத்துவ உலகம் நெடுநாளாக அறிந்தது. பாட்டின் வழியாகப் பேச்சை மீட்கும் பயிற்சி முறையே ஒன்று உண்டு. எங்களுக்கு அது தெரிய வந்தது ஒரு மார்கழிக் காலையில், பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியோடு சேர்ந்து அம்மா ஒரு பாசுரத்தை ஈற்றடி வரை, ஓர் எழுத்து பிசகாமல் பாடி முடித்தபோது. தண்ணீர் என்று சொல்ல முடியாத வாய் அது.

பேச்சுப் பயிற்சியாளர் சொன்னார்: நாள்தோறும் பாட வையுங்கள், கூடவே யாராவது பாடவோ வாசிக்கவோ செய்தால் நல்லது. எங்கள் இருவருக்கும் குரல் கிடையாது. தந்தையாரின் மவுத்தார்கன் இருந்தது.

அம்மாவின் பழைய சுருதி ஐந்தரைக் கட்டை. அடுப்படியில் நின்று பாடினால் தெருமுனைக்குக் கேட்கும். நோய்க்குப் பின் குரல் இறங்கிவிட்டது. சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்ததில் மூன்று கட்டை. ஒன்றாங்கட்டை மவுத்தார்கனில் சங்கராபரணம் வாசித்தால் அவர் பாடுவதில்லை. வேறு யாராயிருந்தாலும் குரலை ஏற்றியோ இறக்கியோ ஒத்துப்போக முயல்வார்கள். அவருக்கு அது இயலவில்லை. பாட்டு அவருக்குள் ஒரே உயரத்தில் பதிந்து கிடக்கிறது. சுருதி சேர்ந்தால் வாய் தானே திறக்கும். சேராவிட்டால் இடக்கையை லேசாக ஆட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு சங்கீத விமரிசகரின் கண்டிப்பு அதில் இருக்கும்.

எனவே மூன்று கட்டைக்கு ஒரு பட்டியல் போட்டோம். சங்கராபரணத்தில் பாடுபவற்றுக்கு இ வேண்டும். அரிகாம்போதிக்கு ஏ. கரகரப்பிரியாவுக்கு டி. நடபைரவிக்கு ஜி. பன்னிரண்டு எழுத்துகளிலும் கனத்த குரல் ஜிக்குத்தான். எஃப் ஷார்ப் கீச்சென்றிருக்கும். அம்மாவின் தாழ்ந்த குரலோடு ஜி இழையும்போது இரண்டும் ஒரே மரத்தில் செய்தவை போலிருக்கும். ஒவ்வொன்றாக, மாதத்துக்கு ஒன்றாக வாங்கினோம். கல்லூரி ஆசிரியர் ஊதியமும் காயில் கட்டும் கூலியும் சேர்ந்தாலும் நல்ல மவுத்தார்கன்களை மொத்தமாக வாங்கும் அளவுக்கு நீளாது.

பட்டியலில் ஒரு வரி எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று கட்டையில் தோடி: வேண்டிய கருவி சி. தந்தையாரின் அதே சி. எதற்கும் பயன்படாது என்று துணியில் சுற்றி வைத்ததை எடுத்தோம். தோடி என்று சொல்வதற்குக் கூச்சமாக இருக்கிறது. அது தோடியின் சுரங்களே அன்றித் தோடி அன்று. அந்த இராகத்தின் உயிர் அசைவில் இருக்கிறது; பித்தளை நாக்குக்கு அந்த அசைவு வராது. நாகசுரத்தில் தோடி கேட்ட ஊர்க்காரர்கள் எங்களை மன்னிக்கவேண்டும். ஆயினும் எங்கள் அப்பாயி பாடிவந்த ஒப்பாரி மெட்டு ஒன்றை அம்மா தாலாட்டாக மாற்றிப் பாடுவார். நாலைந்து சுரங்களுக்குள் அடங்குவது. அசைவு அதிகம் கேட்காதது. அது அந்த வரிசையில்தான் நடக்கிறது. தம்பி ‘சி’யில் அதை எடுத்த அன்று அம்மா இருபது நிமிடம் நிறுத்தாமல் பாடினார். எங்கள் இருவர் பெயரும் அந்தத் தாலாட்டில் வரும். பேச்சில் எங்கள் பெயர்களை அவர் சொல்லி அப்போது ஏழு மாதங்கள் ஆகியிருந்தன.

அந்த சி இரட்டை நாக்கு வகை. ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு நாக்குகள், ஒன்றுக்கொன்று மிகச் சிறிதளவு விலகி. அந்த விலகலால் ஒலியில் ஒரு நடுக்கம் பிறக்கும். நம் நாட்டில் பெரும்பாலும் விற்பது அதுவே. கேட்க இனிமைதான், ஆனால் சுருதியைப் பற்றிக்கொள்ள முயல்பவருக்கு அது இரண்டு கம்பிகளை ஒருசேரக் காட்டுகிறது. அம்மா சில வரிகளில் தயங்குவதைக் கண்ட தம்பி, கருவியைக் கழற்றி ஒவ்வொரு சோடியிலும் ஒரு நாக்கின்மேல் மெல்லிய காகித ஒட்டை ஒட்டி வாயடைத்துவிட்டார். நடுக்கம் போய்விட்டது. ஓரிரு நாக்குகள் சுருதி குறைந்திருந்தன. நுனியில் அரம் தொட்டால் சுருதி ஏறும், அடியில் தொட்டால் இறங்கும். தொடுவது என்றால் தொடுவதுதான். இரண்டு இழுப்புக்கு மேல் போனால் நாக்கு ஒடியும். “அண்ணே, மோட்டாருக்குச் சுத்துக் கணக்கு இருக்கு, இதுக்குக் காதுதான் கணக்கு” என்றார்.

மாதரி ஏன் குரவை ஆடச் செய்தாள் என்பதை மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, எருதின் கண்ணில் நீர் வடிகிறது. ஏதோ கெட்டது வரப்போகிறது என்ற அச்சத்தில், அந்த அச்சத்தைத் தாங்குவதற்காக, ஏழு பெண்களைச் சுருதி முறைப்படி நிறுத்துகிறாள். இவ்வளவு அஞ்சியிருப்பவள் ஏன் இவ்வளவு இலக்கணம் பார்க்கிறாள் என்று முன்பெல்லாம் வகுப்பில் கேட்பார்கள். உரைகாரர்கள் இதற்கு விடை சொல்லவில்லை.

இப்போது எங்கள் பட்டியலில் எஞ்சியிருப்பது கல்யாணி. மூன்று கட்டைக் கல்யாணிக்கு பி எழுதிய கருவி வேண்டும். அம்மா பாடும் பாட்டுகளில் இரண்டு அதில் இருக்கின்றன; இரண்டும் பல்லவியோடு நின்றுவிடுகின்றன. பி உள்ளூரில் கிடைப்பதில்லை. சொல்லி வைத்தால் வர ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். சென்ற வாரம் சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்தபோது அம்மாவின் குரல் மூன்றில் சரியாக நிற்கவில்லை. காலையில் மூன்று, மாலையில், களைத்திருந்தால், இரண்டரையை ஒட்டி. இரண்டரையில் நிலைத்துவிடுமானால் மொத்தப் பட்டியலும் அரைச்சுரம் இறங்கவேண்டும். கல்யாணிக்கு பி அன்று, பி ஃப்ளாட் வேண்டும். கருவி வந்து சேரும் நாளில் குரல் எங்கே நிற்கும் என்பதைக் கணித்து இன்றைக்கே சொல்லவேண்டும்.

கடைக்காரருக்குத் தொலைபேசியில் பேசியது தம்பி. “ரெண்டையும் போட்டுருங்க” என்றார். பாடும் நேரத்தையும் காலைக்கு மாற்றிக்கொண்டோம்.